திகில் சிறுகதையும் மிகுபுனைவும்: எழுதத் தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

பாட்டியிடமோ விடுதி அறை நண்பர்களிடமோ ஒரு பேய்க்கதையாவது கேட்காமல் வளர்ந்த தமிழர் அரிது. ஆயினும், கேட்ட இரவில் உறக்கத்தைக் கெடுத்த அதே கதையை எழுதிப் பார்த்தால் அது பெரும்பாலும் சப்பென்று போய்விடுகிறது. சொல்பவரின் தணிந்த குரலும், அணைந்த விளக்கும், "இது எங்கள் பெரியப்பாவுக்கே நடந்தது" என்ற உறுதிமொழியும் வாய்மொழிக் கதைக்குத் துணை நிற்கின்றன. எழுத்துக்கு அந்தத் துணை எதுவும் இல்லை. பட்டப்பகலில் பேருந்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் படிக்கும் ஒருவருக்கு முதுகு சில்லிட வேண்டுமானால், அதற்குரிய ஏற்பாடு முழுவதையும் சொற்களே செய்தாக வேண்டும். அந்த ஏற்பாடு எப்படி அமைகிறது, எழுதி முடித்த கதை எந்த வழியாக வாசகரைச் சென்றடைகிறது, அந்த வழியில் எழுதியவர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை முதன்முறையாக எழுத முனைவோருக்காக இங்கே விளக்குகிறேன்.

ஒரு கதையில் பேய் வருவதனால் மட்டும் அது திகில் கதை ஆகிவிடுவதில்லை. படிப்பவரிடம் அச்சத்தை உண்டாக்கினால்தான் ஆகிறது. பேயே இல்லாத திகில் கதைகள் உண்டு. பேய்கள் கூட்டம் கூட்டமாக வந்தும் அச்சம் தராத இலக்கியமும் உண்டு. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் சமைத்துப் பரிமாறிக்கொள்ளும் பகுதியைப் படிப்பவர் நடுங்குவதைவிடச் சிரிப்பதே மிகுதி. மிகுபுனைவு என்பது, நாம் அறிந்த உலகின் விதிகளில் ஒன்றையேனும் மாற்றிவைத்து, அப்படி மாறினால் மனிதர்களுக்கு என்ன நேரும் என்று பார்க்கும் கதை. அறிவியல் புனைகதை, மாயக் கதை, மாற்று வரலாறு, எதிர்காலக் கதை ஆகிய எல்லாம் இதில் அடங்கும். திகிலும் மிகுபுனைவும் பல கதைகளில் ஒன்றாகவே வருகின்றன என்றாலும், எழுதுபவர் தாம் உண்டாக்க விரும்புவது எந்த உணர்வை என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

இந்த முடிவுக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இன்றும் உதவுகிறது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவது. எட்டு மெய்ப்பாடுகளில் இளிவரல் (அருவருப்பு), மருட்கை (வியப்பு), அச்சம் ஆகிய மூன்றையும் அது அடுத்தடுத்து வைத்திருக்கிறது. ஆனால் ஒன்றோடொன்று கலக்கவிடவில்லை. அச்சம் பிறக்கும் இடங்களாக அது சொல்பவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்) என்ற நான்கு. இன்று எழுதப்படும் திகில் கதைகளை எடுத்துக்கொண்டால், அமானுஷ்ய சக்தி, காட்டு உயிர், கொலைகாரன், எதிர்க்க முடியாத அதிகாரம் என்ற இந்த நான்கில் ஏதேனும் ஒன்றைச் சுற்றியே அவை நடப்பதைக் காணலாம். அரசனைப் பார்த்து எழும் அச்சத்தையும் அணங்கைப் பார்த்து எழும் அச்சத்தையும் ஒரே வரிசையில் வைத்த அந்தப் பார்வை எனக்குப் பெரிதும் பிடித்தமானது. நள்ளிரவில் கதவைத் தட்டும் காவலரைப் பற்றியும் ஒரு முழுமையான திகில் கதை எழுத முடியும் என்பதை அது நினைவூட்டுகிறது. மருட்கைக்கு அது கூறும் களங்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரை காணாதது, அளவுக்கு மீறிப் பெரியது, நம்ப முடியாத அளவு சிறியது, ஒன்று வேறொன்றாக மாறுவது என்று இவற்றைப் படித்தால், மிகுபுனைவின் பெரும்பகுதி கண்முன் வந்து நிற்கும். மூப்பாலும் பிணியாலும் வரும் இளிவரல் வேறு. புதிதாக எழுதுவோர் பலர் அழுகிய சதையையும் குடம் குடமாக இரத்தத்தையும் எழுதிவிட்டு அச்சத்தை உண்டாக்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். அருவருப்படைந்த வாசகர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அஞ்சிய வாசகரோ அடுத்த வரியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

ஒரே ஒரு மீறல்

சிறுகதை அளவில் சிறியது என்பதனால், உலக விதிகளை மீறும் நிகழ்வு ஒன்றுக்குத்தான் அதில் இடம் இருக்கிறது. அறிவியல் கதைகளின் முன்னோடியான எச்.ஜி.வெல்ஸ் 1930களில் தம் கதைத் தொகுப்பு ஒன்றுக்கு எழுதிய முன்னுரையில், எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற இடத்தில் எதிலும் சுவை இராது என்ற கருத்தை வலியுறுத்தினார். பேய் பிடித்த வீடு, வேற்றுக்கோள் ஊர்தி, காலப் பயணம் ஆகிய மூன்றையும் ஒரே கதையில் அடைத்தால் வாசகர் எதையும் நம்பத் தயாராகிவிடுவார். எதையும் நம்பத் தயாரானவருக்கு எதுவும் அதிர்ச்சி தராது. மாறாக, மற்ற எல்லாம் நாள்தோறும் பார்ப்பது போலவே இருக்க, ஒன்று மட்டும் பிசகியிருந்தால், அந்தப் பிசகின் மீதே மனம் முழுவதும் குவியும்.

ஓர் எடுத்துக்காட்டை உருவாக்கிப் பார்ப்போம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சிறு நகரம் ஒன்றில் தனியே வாழ்கிறார். மூட்டுவலியால் கோலம் போடுவதை நிறுத்திவிட்ட அவருடைய வாசலில் ஒரு நாள் காலையில் யாரோ ஏழு புள்ளிக் கோலம் போட்டிருக்கிறார்கள். மறுநாள் ஆறு புள்ளி. அதற்கு மறுநாள் ஐந்து. கதையில் உள்ள மீறல் இவ்வளவுதான். பேயின் உருவம் எங்கும் வரப்போவதில்லை. இந்தக் கதையை முதன்முறையாக எழுதுபவரின் கை பெரும்பாலும் இப்படித் தொடங்கும்:

"அது ஓர் அமாவாசை இரவு. எங்கும் கும்மிருட்டு. தூரத்தில் நாய்கள் ஊளையிட்டன. மரகதம் டீச்சரின் நெஞ்சை இனம்புரியாத பயம் கவ்வியது."

இதே கதையை வேறு விதமாகவும் தொடங்கலாம்:

"மரகதம் டீச்சர் கோலம் போடுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது; குனிந்தால் நிமிர முழங்கால் விடுவதில்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்து, ஈரம் காயாத வாசலில் ஏழு புள்ளிக் கோலத்தைப் பார்த்தபோது, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டார்."

முதல் தொடக்கத்தில் அமாவாசையும் நாயும் இருட்டும் வாசகரிடம் "இனி நீங்கள் பயப்பட வேண்டும்" என்று கட்டளையிடுகின்றன. அவர் பயப்படுவதற்கு அங்கே எந்தப் பொருளும் இல்லை. இரண்டாவதில் டீச்சருக்குப் பயம் சிறிதும் இல்லை. அவர் நன்றியோடு இருக்கிறார். ஆனால் திகில் கதை என்று தெரிந்து படிக்கும் வாசகர், கோலத்தைப் போட்டது எதிர்வீட்டுப் பெண்ணாக இருக்க முடியாது என்று அவருக்கு முன்பே ஐயப்படத் தொடங்கிவிடுகிறார். மறுநாள் புள்ளி ஒன்று குறைந்திருப்பதைக் காட்டினாலே போதும். ஒன்று, பூச்சியம் என்று இறுதிவரை எண்ணிப் பார்க்கும் வேலையை வாசகரின் மனமே செய்துகொள்ளும். பயம் என்ற சொல்லைக் கதையில் ஒருமுறைகூட எழுதாமல் முடிக்க முயல்வது தொடக்கநிலையில் மிகப் பயனுள்ள பயிற்சி.

மீறலுக்கு ஒரு விதி இருக்க வேண்டும் என்பதையும் இதிலிருந்து அறியலாம். நாளுக்கு ஒரு புள்ளி குறையும் என்று கதை ஒருமுறை காட்டிவிட்டால், தேவைக்கேற்ப இடையில் இரண்டு புள்ளிகளைக் குறைக்கக் கூடாது. பூதமானாலும் இயந்திரமானாலும் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது எழுதுபவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதை எல்லாம் வாசகரிடம் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. ஆனால் எழுதுபவருக்கே தெரியவில்லை என்பதை வாசகர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்.

நம்பிக்கையும் ஐயமும்

பழையனூர் நீலியின் கதை, திகில் எங்கிருந்து வலுப்பெறுகிறது என்பதற்கு நம்மிடையே உள்ள தலைசிறந்த பாடம். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைப் பழிவாங்கத் திருவாலங்காட்டுப் பக்கத்தில் காத்திருக்கிறாள். அவனிடம் மந்திர ஆற்றல் உள்ள வாள் ஒன்று இருப்பதனால் அவளால் நெருங்க முடியவில்லை. ஆகவே கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன்னைக் கைவிட்டு ஓடும் கணவன் இவன் என்று பழையனூர் வேளாளர் எழுபது பேரின் அவையில் முறையிடுகிறாள். குழந்தையும் அவனைத் தந்தையென்று அழைக்கிறது. இருவரையும் ஓர் இரவு சேர்ந்து தங்கச் சொல்லும் அவையினர், அவனுடைய அச்சத்தைப் போக்குவதற்காக வாளை வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று வாக்களிக்கிறார்கள். விடிந்தபோது அவன் இறந்து கிடக்கிறான். எழுபது பேரும் வாக்குத் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள்.

இக்கதையில் எலும்பை நொறுக்கும் காட்சி எதுவும் தேவைப்படவில்லை. விதி ஒன்று இருக்கிறது, வாள் உள்ளவரை அவனுக்கு ஆபத்தில்லை. அந்த வாளை அவன் கையிலிருந்து அகற்றுபவர்கள் தீயவர்கள் அல்லர். நீதியும் இரக்கமும் உள்ளவர்கள், அவனுக்கு நன்மை செய்வதாகவே எண்ணுபவர்கள். கேட்பவருக்கு உண்மை தெரியும், அவையினருக்குத் தெரியாது என்ற இடைவெளியில்தான் அச்சம் முழுவதும் தங்கியிருக்கிறது. நீலிக்கு நிகழ்ந்த அநீதியும் பொய்யன்று என்பதனால், கேட்பவரால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிம்மதியடையவும் முடிவதில்லை. தென்மாவட்டங்களில் இசக்கியாகவும் நீலியாகவும் வழிபடப்படும் தெய்வங்கள் பலவற்றின் பின்னால் அநியாயமாகச் சாக நேர்ந்த பெண்ணின் கதை இருக்கிறது. அத்தெய்வங்களைக் கதைக்குள் கொண்டுவருபவர், அவற்றை வெறும் கோரப்பல் உருவமாகக் குறுக்கினால், வழிபடுவோரைப் புண்படுத்துவதோடு, கதையின் உயிரான அந்த அநீதியையும் இழந்துவிடுகிறார் என்பது என் உறுதியான கருத்து.

அச்சத்தை நீட்டித்து வைத்திருப்பதற்கு இன்னொரு வழி ஐயம். நடந்தது உண்மையிலேயே அமானுஷ்யமா, அல்லது மனப்பிரமையா என்று வாசகர் முடிவு செய்ய இயலாமல் தவிக்கும் அந்தத் தயக்கமே இவ்வகை இலக்கியத்தின் அடிப்படை என்று திறனாய்வாளர் த்ஸ்வெதான் தொதரோவ் 1970இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். தமிழில் இதற்குச் சிறந்த சான்று புதுமைப்பித்தன் 1943இல் வெளியிட்ட 'காஞ்சனை'. கதை சொல்லும் எழுத்தாளருக்கு நள்ளிரவில் ஒருசமயம் துர்நாற்றமும் ஒருசமயம் நறுமணமும் வருகிறது. வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்ட பிச்சைக்காரப் பெண்ணைப் பற்றி அவருக்கு எழும் ஐயம் இறுதிவரை தீர்வதில்லை. அங்கே அச்சம் கண் வழியாக வராமல் மூக்கின் வழியாக வருவதைக் கவனிக்க வேண்டும். கண்ணால் கண்டதை மறுபடி பார்த்து உறுதிசெய்யலாம். வந்து மறைந்த வாசனையை யாரிடமும் நிரூபிக்க முடியாது.

நம் கோலக் கதையிலும் இந்த ஐயத்தைப் புகுத்தலாம். நான்காம் நாள் பால் போடும் பையன், "என்ன டீச்சர், முட்டி சரியாயிடுச்சா? நாலு மணிக்கே குனிஞ்சு கோலம் போட்டுட்டு இருந்தீங்களே!" என்று கேட்கட்டும். டீச்சர் மறுத்துவிட்டு உள்ளே வந்து கைகழுவும்போது, நகக்கண்ணில் அரிசி மாவு இருக்கட்டும். இதற்கு மேல் விளக்கம் எழுதினால் கதை கெட்டுவிடும். பையனின் பேச்சு பேச்சுவழக்கிலும் கதைசொல்லியின் நடை எழுத்துவழக்கிலும் இருப்பதையும் பார்க்கலாம். அந்தந்த ஊரின் பேச்சைச் சரியாக எழுதும்போது வாசகருக்கு அந்த வாசலும் தெருவும் மெய்யாகத் தோன்றுகின்றன. அவை மெய்யாகத் தோன்றாவிட்டால் அங்கு நடக்கும் பிசகு உறைக்காது.

ஏழு நாள்களையும் ஒரே அளவில் எழுத வேண்டியதில்லை. முதல் இரண்டு நாள்களை விரிவாகவும், நான்காம் நாளை மிக நெருக்கமாகவும் எழுதிவிட்டு, ஐந்தாம் ஆறாம் நாள்களை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடலாம். முடிவில்தான் பெரும்பாலான கதைகள் சறுக்குகின்றன. அத்தனையும் கனவு என்று முடிப்பது வாசகருக்குச் செய்யும் துரோகம். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து பழைய கொலை ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் விளக்குவதும் கதையைச் செய்தி அறிக்கையாக்கிவிடும். 1902இல் வெளிவந்த டபிள்யூ.டபிள்யூ.ஜேக்கப்ஸின் 'குரங்குப் பாதம்' என்ற கதையில், மூன்று வரம் தரும் குரங்குப் பாதத்திடம் இறந்த மகனைத் திரும்பக் கேட்கும்படி கணவரை வற்புறுத்திய தாய், கதவு தட்டப்படும்போது திறக்க ஓடுகிறாள். வெளியே நிற்பது எந்த நிலையில் நிற்கும் என்று உணர்ந்த தந்தை கடைசி வரத்தைச் சொல்லிவிடுகிறார். கதவு திறக்கும்போது தெரு வெறிச்சோடியிருக்கிறது. அங்கே கதையை முடித்துவைப்பது ஒரு மனிதரின் செயல். கோலக் கதையிலும், ஒற்றைப் புள்ளி வர வேண்டிய நாளின் விடியலுக்கு முன் மரகதம் டீச்சர் தாமே எழுந்து, மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, தமக்கு நல்ல மனசு உள்ளவளாகத் தோன்றிய அந்த எதிர்வீட்டுப் பெண்ணின் வாசலில் ஏழு புள்ளி வைக்கிறார் என்று முடித்தால், பேய் யார் என்ற கேள்விக்கு விடை சொல்லாமலே கதை நிறைவடைந்துவிடும். இது நான் தேர்ந்துகொள்ளும் முடிவு. வேறொருவர் வேறொன்றைத் தேரலாம். ஆனால் முடிவு கதைமாந்தரின் தேர்விலிருந்து பிறக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதிருப்பது நல்லது.

வெளியிடுதல்

எழுதி முடித்த கதையைச் சில வாரங்கள் ஆறப்போட்டு, பிறகு வாய்விட்டுப் படித்துத் திருத்த வேண்டும். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை ஆகியவற்றைச் சிறு குறையாகக் கருதக் கூடாது. அச்சம் ஏறிக்கொண்டிருக்கும் பத்தியில் ஒரு பிழை வந்தால் வாசகர் கதையிலிருந்து வெளியே வந்துவிடுவார். கோப்பை யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புவதே முறை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு மறுமுனையில் புரியாத குறிகளாகத் திறக்கக்கூடும். அதை மாற்றிப் படிக்கும் பொறுமையை ஆசிரியர் குழுவிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

எங்கே அனுப்புவது என்பது அடுத்த கேள்வி. தமிழ் வார இதழ்கள் பேய்க்கதைகளையும் அறிவியல் கதைகளையும் வெகுகாலமாக வெளியிட்டு வந்துள்ளன; சுஜாதா அறிவியல் புனைகதையைப் பெருவாரியான வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது அவற்றின் வழியாகத்தான். ஆனால் அவற்றில் பக்க அளவு குறைவு. பெரும்பாலும் நீண்ட கதைக்கு இடமிராது. சொல்வனம் முதலிய இணைய இதழ்கள் நீளத்தில் தாராளம் காட்டுகின்றன. 2018இல் தொடங்கப்பட்ட 'அரூ' இதழ் மிகுபுனைவையே தன் களமாக எடுத்துக்கொண்டு அறிவியல் சிறுகதைப் போட்டிகளையும் நடத்தியது. எந்த இதழானாலும் அதன் பழைய இதழ்கள் சிலவற்றைப் படிக்காமல் கதை அனுப்புவது இரு தரப்புக்கும் நேர விரயம்.

ஆங்கிலத்தில் எழுதக்கூடியவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர் வாய்த்தவர்களுக்கும் மிகப் பழமையான ஒரு சந்தை இருக்கிறது. 1923இல் தொடங்கிய 'வியர்ட் டேல்ஸ்' காலத்திலிருந்தே திகில் சிறுகதைக்கென்று தனி இதழ்கள் அமெரிக்காவில் வெளிவருகின்றன. அங்கே கதை நீளத்துக்குத் தெளிவான வரையறை உண்டு. ஹியூகோ, நெபுலா விருதுகளின் கணக்கில் 7,500 சொற்களுக்கு உட்பட்டதே சிறுகதை. 17,500 வரை நெடுங்கதை. அதற்கு மேல் 40,000 வரை குறுநாவல். ஊதியம் சொல் கணக்கில் தரப்படும். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் 2019இல் தொழில்முறை ஊதியத்தின் கீழ்வரம்பைச் சொல்லுக்கு 8 சென்ட் என உயர்த்தியது. அந்தக் கணக்கில் 3,000 சொல் கதைக்கு 240 டாலர் கிடைக்கும். 'ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்' என்ற இணைய இதழின் துணையிதழான 'சமோவார்' 2017 முதல் மொழிபெயர்ப்புக் கதைகளுக்கென்றே வெளிவருவது. தமிழிலிருந்து செல்லும் கதைகளுக்கு இது போன்ற இடங்கள் முக்கியமானவை.

ஒவ்வோர் இதழும் சமர்ப்பிப்பு விதிகளை வெளியிட்டிருக்கும். எத்தனை சொற்கள், எந்த மாதங்களில் வாங்குவார்கள், எந்த வடிவில் அனுப்ப வேண்டும் என்பவை அதில் இருக்கும். ஆங்கில இதழ்கள் பலவும் கேட்கும் கையெழுத்துப்படி வடிவம் எளியது: 12 புள்ளி எழுத்து, இரட்டை வரி இடைவெளி, சுற்றிலும் ஓர் அங்குல ஓரம், முதல் பக்க மேற்புறத்தில் பெயரும் முகவரியும் சொல் எண்ணிக்கையும். உடன் அனுப்பும் கடிதம் மூன்று நான்கு வரிகளுக்கு மேல் போக வேண்டாம். கதைச் சுருக்கத்தையோ கதையின் உட்பொருளையோ அதில் விளக்க வேண்டாம். ஒரே கதையை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பலாமா என்பதை விதிகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்; சில இதழ்கள் அதை அனுமதிப்பதில்லை, அனுமதிப்பவையும் வேறிடத்தில் ஏற்கப்பட்டால் உடனே தெரிவிக்கச் சொல்கின்றன.

இயந்திரம் எழுதிய கதைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 பிப்ரவரியில் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்ற அறிவியல் புனைகதை இதழ், செயற்கை நுண்ணறிவுச் செயலிகளால் எழுதப்பட்ட கதைகள் குவிந்ததனால் புதிய கதைகளை வாங்குவதையே சில வாரங்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது. அதன் பிறகு பல இதழ்கள் அத்தகைய படைப்புகளை ஏற்பதில்லை என்று விதிகளிலேயே எழுதிவிட்டன. புதியவர்களின் கதைகளைப் பொறுமையோடு படிக்கும் இதழ்கள் உலகில் மிகக் குறைவு. அந்தக் கதவு அடைபட்டால் இழப்பு முழுவதும் புதிதாக எழுதுபவர்களுக்கே.

தமிழில் எழுதுவோர் அதிகம் கவனிக்காத ஒன்று, முதல் வெளியீட்டு உரிமை. ஓர் இதழ் கதையை ஏற்கும்போது பொதுவாக வாங்குவது, அக்கதையை முதன்முதலில் வெளியிடும் உரிமையைத்தான். கதையை முகநூலில் எல்லாரும் பார்க்கும்படி பதிவிட்டாலோ பிரதிலிபி போன்ற தளத்தில் ஏற்றினாலோ அது வெளியானதாகவே பெரும்பாலான இதழ்கள் கருதும். மறுபிரசுரமாக ஏற்க முன்வரும் சில இதழ்களும் குறைந்த ஊதியமே தரும். ஆகவே விருப்பக்குறிகளுக்காக அன்றிரவே பதிவேற்றத் தோன்றும் ஆசையை அடக்கிக்கொண்டு, முதலில் இதழ்களுக்கு அனுப்பிப் பார்ப்பதே அறிவுடைமை. இதழில் வெளியாகி, ஒப்பந்தத்தில் குறித்த காலம் முடிந்த பிறகு, பல கதைகளைத் தொகுத்துக் கிண்டிலில் நீங்களே வெளியிடலாம். அமேசானின் அந்தச் சேவை தமிழை ஏற்கிறது. ஆனால் அதன் 'செலக்ட்' திட்டத்தில் சேர்த்தால், 90 நாள்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் மின்வடிவில் தரக் கூடாது என்ற நிபந்தனை உண்டு.

கதை ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவோர் பலர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 எழுத்தாளருக்கு நல்ல பாதுகாப்புகளை அளித்திருக்கிறது. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமன்று. அது எழுத்தாளரின் வாழ்நாளுக்கும் அதன் பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். உரிமையை மற்றவருக்கு மாற்றித் தருவது எழுத்து மூலமாக, கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பகுதிக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, அது எழுத்தாளரிடமே திரும்பிவிடும். உரிமையை முழுவதுமாக விற்ற பின்பும், படைப்பு தம்முடையது என்று பெயர் கோரும் உரிமை எழுத்தாளரிடம் இருந்துகொண்டே இருக்கும்.

திகில் கதை எழுதுவோருக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். ஏனெனில் குறும்படம், வலைத்தொடர், ஒலிக்கதை ஆகியவற்றுக்காக அதிகம் தேடப்படுபவற்றில் இவ்வகைக் கதைகளும் உண்டு. ஒரு சிறிய இதழின் ஒப்பந்தத்தில் "அனைத்து ஊடகங்களிலும், நிரந்தரமாக" என்ற தொடர் இருந்தால், பின்னாளில் அந்தக் கதை படமாகும்போது எழுதியவருக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம். அந்தத் தொடரை நீக்கி, இதழில் வெளியிடும் உரிமை, இணையக் காப்பகத்தில் வைத்திருக்கும் உரிமை, கதையை வேறெங்கும் வெளியிடக் கூடாத காலம் இத்தனை மாதம் என்று தனித்தனியே எழுதித் தரும்படி கேட்பதில் தவறு எதுவுமில்லை. நல்ல ஆசிரியர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஊதியம் தர இயலாத சிற்றிதழ்களிடமும், மற்ற உரிமைகள் எழுத்தாளருக்கே என்று ஒரு வரி மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளலாம். கதையை வெளியிட எழுத்தாளரிடமே பணம் கேட்கும் தொகுப்புகளை மட்டும் தயங்காமல் தவிர்த்துவிடுங்கள்.

கதை திரும்பி வருவது இத்துறையில் அன்றாட நிகழ்வு. காரணம் சொல்லாத இரண்டு வரி மறுப்பு மடலைக் கண்டு கதை மோசம் என்ற முடிவுக்கு வர வேண்டாம். அந்த மாதம் அவர்கள் ஏற்கெனவே ஒரு கோலக் கதையை வாங்கியிருக்கலாம். எந்தக் கதை எந்த நாளில் எங்கே போயிற்று, என்ன பதில் வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்து, திரும்பிய கதையை அந்த வாரத்திலேயே அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். பதில் வருவதற்குச் சில இதழ்களில் நாள்கள் ஆகும், சிலவற்றில் மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் அடுத்த கதையின் முதல் பத்தியை எழுதத் தொடங்கிவிடலாம்.